பாஸ் மழை பொழியும் டீமை நிறுத்த மூன்று பேர் ரஷ் போதுமா?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ராத்திரி ஷிஃப்ட் வேலை, அமெரிக்க கிளையன்ட். வாரத்தில் சனிக்கிழமை இரவு மட்டும்தான் எனக்கென்று இருக்கிறது. அங்கே கிழக்குக் கரையில் மதியம் 12 மணிக்குத் தொடங்கும் காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் நமக்கு ராத்திரி ஒன்பதரை. அது முடிந்தால் 1 மணிக்கு அடுத்தது, விடியற்காலை 5 மணிக்கு இன்னொன்று. நவம்பரில் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். மூன்று வருஷமாக இப்படித்தான். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பந்தை எறிந்தே ஆடுகிற டீம் எதிரே நிற்கிறது. பந்தை எறிகிற குவாட்டர்பேக் நல்ல கை வலு உள்ளவன். அவனைப் பிடிக்க ரஷ் என்று மூன்றே பேரை அனுப்பிவிட்டு மீதி எட்டுப் பேர் பின்னால் போய் நிற்கிறார்கள். தடுக்க அஞ்சு பேர் இருக்கும்போது மூன்று பேர் எப்படி உள்ளே போவார்கள்? குவாட்டர்பேக் நாலு விநாடி, அஞ்சு விநாடி ஆற அமர நின்று பார்க்கிறான். பார்க்கிற எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் இப்படி ஆடிய டீம்கள் ஜெயிக்கின்றன. எப்படி?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு டர்ஃபில் ஞாயிறு காலை ஆறரைக்கு நாங்கள் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுகிறோம். பக்கத்துக்கு ஐந்து பேர், இடுப்பில் கொடி, கொடியை உருவினால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். டிஃபென்ஸ் என் பொறுப்பு. மஞ்சள் ஜெர்சி டீம் ஒன்றிடம் இரண்டு வாரம் வரிசையாகத் தோற்றோம். அவர்கள் எறிகிறார்கள், பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரை ரஷ் அனுப்பினேன். போன வாரம் கடைசி ஆட்டத்தில் எங்கள் பையன் கையை நீட்டிக் கொடியைத் தொட்டே விட்டான். பந்து அதற்குள் கையை விட்டுப் போயிருந்தது. நான் திரும்பிப் பார்த்தால் புள்ளி எடுக்கிற எண்ட் சோனில் மஞ்சள் ஜெர்சி ஒருத்தர் தனியாக நிற்கிறார், சுற்றி பத்து யார்டுக்கு எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பானஸ்வாடி எழுதியது:

ரஷ் அனுப்பியது தப்பில்லை சார், சரியான நேரத்தில் அனுப்பவில்லை என்பதுதான் தப்பு. நல்ல குவாட்டர்பேக்கை நிம்மதியாக நிற்க விட்டால் எட்டுப் பேர் இல்லை, பத்துப் பேர் நின்றாலும் ஓட்டை கண்டுபிடிப்பான். பந்தைப் பிடிக்கிற எந்த ரிசீவரையும் அஞ்சு விநாடிக்கு மேல் காவல் காக்க முடியாது. பிளிட்ஸ் போடு, அதாவது நிறைய ஆளை ரஷ் அனுப்பு, அவன் மூச்சு விடுவதற்குள் மேலே போய் நில். ஓரத்து ரிசீவர்களைக் காக்கிற கார்னர்பேக் இரண்டு பேரும் திறமைசாலிகளாக இருந்தால் ஆளுக்கு ஆள் காவல், அதாவது மேன் கவரேஜ்தான் என் கட்சி.

2020இல் மிசிசிப்பி ஸ்டேட் டீம் எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட்) அடித்த அடியைக் காட்டி மேன் கவரேஜ் செத்துவிட்டது என்று எல்லாரும் எழுதுவார்கள். அன்றைக்கு எல்எஸ்யூவின் கார்னர்பேக் டெரெக் ஸ்டிங்லி உடம்பு சரியில்லாமல் ஆடவில்லை. அதை யாரும் சொல்வதில்லை.

புல்மன் பழைய மாணவன் எழுதியது:

நான் 2014 முதல் 2016 வரை வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தேன். புல்மன் என்கிற சின்ன ஊர், சுற்றிலும் கோதுமை வயல், மேடும் பள்ளமுமாக. இப்போது ஜெயநகரில் இருக்கிறேன். எங்கள் கோச் மைக் லீச். அவரும் ஹால் மம்மியும் சேர்ந்து வளர்த்த ஏர் ரெய்டு ஆட்டத்தைத்தான் இன்றைக்குப் பல டீம்கள் ஏதோ ஒரு சாயலில் ஆடுகின்றன. ஒரு ஆட்டத்தில் ஐம்பது அறுபது பாஸ் எறிவோம். அதன் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். 2022 டிசம்பரில் அவர் இறந்த செய்தி வந்தபோது நான் மெட்ரோவில் இருந்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் அப்போதெல்லாம் வருஷக் கடைசியில் ஆப்பிள் கப் வரும். அதே மாநிலத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு ஆடுகிற ஆட்டம் அது, அவர்கள் கோச் கிறிஸ் பீட்டர்சன். 2014இல் 31-13, தோல்வி. 2015இல் 45-10. 2016இல் 45-17, அதை மார்ட்டின் ஸ்டேடியத்தில் நின்றுகொண்டே பார்த்தேன். நாடு திரும்பிய பிறகு 41-14. 2018இல் குவாட்டர்பேக் கார்ட்னர் மின்ஷூ வந்தார், பத்து வெற்றி, ஒரே தோல்வியோடு போனோம், இந்தத் தடவை நாம்தான் என்று நம்பினேன். நமக்குச் சனிக்கிழமை காலை, இட்லித் தட்டு மடியில், டிவியில் பனி கொட்டுகிறது. 28-15, தோல்வி. அடுத்த வருஷம் 31-13. ஆறு வருஷம், ஆறு தோல்வி, எல்லாவற்றிலும் பார்த்தது அதே டிஃபென்ஸ்தான். மூன்று பேர் முன்னால், எட்டுப் பேர் பின்னால். அதனால் நான் சொல்வது புத்தகத்தில் படித்தது இல்லை, அடிபட்டவன் பக்கத்தில் நின்று பார்த்தது.

முதலில் கணக்கைப் பாருங்கள். பதினோரு பேரில் ஐந்து பேர் லைன்மேன்கள், அவர்கள் பாஸ் பிடிக்க முடியாது. ஒருவர் குவாட்டர்பேக். மீதி ஐந்து பேர்தான் பிடிப்பவர்கள். நீங்கள் ஆறு பேரை ரஷ் அனுப்பினால் பின்னால் ஐந்துக்கு ஐந்து. ஒருவன் கால் தடுக்கினால் போச்சு, பின்னால் காப்பாற்ற ஆள் இல்லை. மூன்று பேரை அனுப்பினால் ஐந்துக்கு எட்டு. அது மட்டும் இல்லை, மேன் கவரேஜில் நம் ஆட்கள் எல்லாரும் அவரவர் ரிசீவரைத் துரத்திக்கொண்டு குவாட்டர்பேக்குக்கு முதுகைக் காட்டி ஓடுவார்கள். ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கிற சோனில் எட்டு ஜோடிக் கண்ணும் அவன் மேலேயே இருக்கும். பந்து கையை விட்டதும் எட்டுப் பேரும் அதை நோக்கி ஓடலாம். எதிரி எறிந்த பாஸை நாம் பிடிக்கிற இன்டர்செப்ஷன் அங்கேதான் பிறக்கிறது.

ஏர் ரெய்டில் மெஷ் என்று ஒரு ப்ளே (ஒரு தடவை பந்தை எடுத்து ஆடுவதைத்தான் ப்ளே என்கிறோம்). இரண்டு ரிசீவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் குறுக்கே ஓடி வருவார்கள், ஐந்தாறு யார்டு தூரத்தில், நடுவில் ஒருவர் கையை மற்றவர் தட்டிவிடும் அளவுக்கு நெருக்கமாகக் கடப்பார்கள். மேன் கவரேஜில் துரத்தி வருகிற இரண்டு டிஃபெண்டர்களும் அந்த இடத்தில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள், அல்லது சுற்றிக்கொண்டு போவார்கள். அந்த ஒரு அடி போதும். புல்மனில் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன், அதே ப்ளேயை சலிக்காமல் திரும்பத் திரும்ப ஓடுவார்கள். வாஷிங்டன் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? துரத்தவே இல்லை. அவரவர் இடத்தில் நின்று, வருபவனைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்து வருபவனை வாங்கிக்கொண்டார்கள். மோதிக்கொள்ள ஆளே இல்லை.

சரி, அப்போது ஐந்து யார்டு பாஸ் கிடைக்குமே? கிடைக்கும். கொடுத்துவிட வேண்டும். நம் சின்னசாமி ஸ்டேடியத்தில் பவுண்டரி கிட்டே இருக்கிறது என்று தெரிந்தும் கடைசி ஓவர்களில் ஃபீல்டர்களைக் கோட்டிலேயே நிறுத்தி சிங்கிளை விட்டுக்கொடுக்கிறார்களே, அதே மாதிரி. ஆனால் பிடித்த இடத்திலேயே அவனை விழ வைக்க வேண்டும். ஐந்து யார்டு பாஸ் ஐந்து யார்டாகவே முடிய வேண்டும், பதினைந்து ஆகக் கூடாது. இந்த டிஃபென்ஸின் உயிரே அங்கேதான் இருக்கிறது, ஸ்கீமில் இல்லை. வாஷிங்டனில் புடா பேக்கர் என்று ஒரு சேஃப்டி, அதாவது கடைசி வரிசை டிஃபெண்டர், 2014 முதல் 2016 வரை ஆடினார். உயரம் ஐந்தடி பத்து அங்குலம்தான். எங்கள் ஆள் பந்தைப் பிடித்துத் திரும்புவதற்குள் அவர் முழங்காலுக்குக் கீழே பாய்ந்திருப்பார். எங்களுக்கு நாலு யார்டு கிடைக்கும், எழுந்து நிற்போம், மறுபடியும் நாலு யார்டு. இப்படிப் பன்னிரண்டு ப்ளே பிசகில்லாமல் ஆடினால்தான் டச்டவுன். இருபது வயசுப் பையன்களுக்கு அந்தப் பொறுமை எங்கே இருக்கிறது? எட்டாவது ப்ளேயில் ஒருவன் கை நழுவ விடுவான், அல்லது ஒரு ஹோல்டிங் பெனால்டி வரும், அல்லது குவாட்டர்பேக் பொறுக்க முடியாமல் தூரமாக எறிவான். அதுவும் எண்ட் சோன் கோட்டுக்குக் கிட்டே போகப் போக இன்னும் கஷ்டம், ஏனென்றால் பின்னால் ஓட இடம் இல்லை. எண்ட் சோனின் கடைசிக் கோடே பன்னிரண்டாவது டிஃபெண்டர் ஆகிவிடும்.

பானஸ்வாடி நண்பர் சொன்ன 2020 விஷயம். ஸ்டிங்லி ஆடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அடி விழுந்துகொண்டே இருந்தும் எல்எஸ்யூ பெரும்பாலும் மேன் கவரேஜை விடவே இல்லை. அந்த வருஷம் லீச் மிசிசிப்பி ஸ்டேட் கோச் ஆகியிருந்தார், அவருடைய குவாட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டு எறிந்தார், அவர்கள் ஆடும் எஸ்இசி லீகின் சாதனை, 44-34 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரம் அதே லீச், அதே காஸ்டெல்லோ, எதிரே அர்கன்சா. எஸ்இசியில் வரிசையாக 20 ஆட்டம் தோற்றிருந்த டீம். அவர்களுடைய டிஃபென்ஸ் கோச் பேரி ஓடம் மூன்று பேரை அனுப்பி எட்டுப் பேரைப் பின்னால் இறக்கினார். மூன்று இன்டர்செப்ஷன், அர்கன்சா 21-14. அதற்கடுத்த வாரம் கென்டக்கி ஆறு இன்டர்செப்ஷன் பிடித்து 24-2. ஸ்டிங்லி மாதிரி ஒருவர் இருந்திருந்தால் 623 குறைந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அர்கன்சாவிலும் ஸ்டிங்லி இல்லையே.

காலேஜில் இது அதிகம் தேவைப்படுவதற்கு மைதானமும் ஒரு காரணம். மைதானத்தின் அகலம் 160 அடி. பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகள் காலேஜில் 40 அடி இடைவெளியில் இருக்கும், தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். பந்து வலது ஹாஷில் இருந்தால் இடது பக்கம் 100 அடி வெட்டவெளி. அதைக் காக்க ஆள் வேண்டாமா?

இன்னொன்று. மூன்று பேர் என்றால் எந்த மூன்று பேர் என்று பார்க்க வேண்டும். வாஷிங்டனுக்கு நடுவில் வீட்டா வேயா இருந்தார். மலை மாதிரி ஆள். அவர் ஒருவரைத் தடுக்கவே இரண்டு பேர் வேண்டும். அந்த மாதிரி ஆள் இல்லாமல் மூன்று பேரை அனுப்பினால் நீங்கள் சொன்ன மாதிரி நெஞ்சு அடைப்புதான்.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

அண்ணா, இரண்டு தடவை படித்தேன். ஒரு சந்தேகம். எட்டுப் பேர் பின்னால் போய்விட்டால் எதிர் டீம் பந்தைக் கையில் கொடுத்து ஓட ஆரம்பித்தால் என்ன செய்வது?

புல்மன் பழைய மாணவன் எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. அதுதான் இதன் பலவீனம். லீச் ஓட மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் எங்களுக்கு எதிராகப் பலித்தது. ஓடத் தெரிந்த டீமுக்கு எதிரே இதையே நாள் முழுக்க வைத்தால் நொறுக்கிவிடுவார்கள்.

2019இல் குவாட்டர்பேக் ஜோ பரோவின் எல்எஸ்யூவுக்கு எதிராக ஆபர்ன் செய்ததைப் பாருங்கள். அந்த வருஷம் பரோ 60 டச்டவுன் பாஸ், எல்எஸ்யூ 15-0, யாரும் நிறுத்தவில்லை. ஆபர்ன் டிஃபென்ஸ் கோச் கெவின் ஸ்டீல் முன்னால் மூன்று பேர், நடுவில் ஒரே ஒரு லைன்பேக்கர், பின்னால் ஏழு டிஃபென்சிவ் பேக் என்று நிறுத்தினார். எல்எஸ்யூ உடனே ஓட ஆரம்பித்தது, க்ளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 100 யார்டைத் தாண்டி ஓடினார். யார்டு நிறையப் போனது. ஆனால் புள்ளி? 23. அந்த சீசனில் எல்எஸ்யூ எடுத்த மிகக் குறைந்த புள்ளி அதுதான். ஆபர்ன் 20-23 என்று தோற்றது, இருந்தாலும் அந்த டீமுக்கு அவ்வளவு பக்கத்தில் யாரும் வரவில்லை. ஆபர்னுக்கு முன்னால் வேயா மாதிரியே டெரிக் பிரவுன் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அயோவா ஸ்டேட் வேறு வழி கண்டுபிடித்தது. ஜான் ஹீகாக் அப்போது அங்கே டிஃபென்ஸ் கோச். மூன்று சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தி, நடு சேஃப்டியை ஓட்டம் வந்தால் லைன்பேக்கர் மாதிரி இறங்கி வரச் சொன்னார். பாஸ் என்றால் பின்னால் இருக்கிறார், ஓட்டம் என்றால் முன்னால் இருக்கிறார். 2017 அக்டோபரில் எதிரியின் ஊரான நார்மனுக்கே போய், தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த ஓக்லஹோமாவை 38-31 என்று ஜெயித்தார்கள். எதிரே இருந்தது பேக்கர் மேஃபீல்ட், அந்த வருஷம் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். அதற்கப்புறம் பல டீம்கள் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டன.

இந்திராநகர் 12வது மெயின் எழுதியது:

காலேஜ் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது. நான் நாலு வருஷமாகப் பெண்கள் டீமில் ஃப்ளாக் ஆடுகிறேன். ஐவர் ஆட்டத்தில் கணக்கே வேறு. லைன்மேன் கிடையாது, பந்தைக் கொடுக்கிற சென்டரும் ஓடிப்போய்ப் பிடிக்கலாம். குவாட்டர்பேக் தானாகப் பந்து தொடங்குகிற கோட்டைத் தாண்டி ஓட முடியாது. அதாவது பிடிப்பவர்கள் நாலு பேர், நீங்கள் ஐந்து பேர். நீங்கள் இரண்டு பேரை ரஷ் அனுப்பினால் நாலுக்கு மூன்று. அந்த மஞ்சள் ஜெர்சிக்காரர் தனியாக நின்றதில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் போட்டியில் ஏழு விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி உண்டா? உண்டு என்றால் சில ப்ளேக்களில் யாரையும் அனுப்பாதீர்கள். கடிகாரமே ரஷ் செய்யும். இல்லை என்றால் ஒருவரை மட்டும், அதுவும் அவன் எறியும் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து.

எண்ட் சோன் கோட்டுக்கு முந்தைய ஐந்து யார்டில் ஓடக் கூடாது, பாஸ்தான் எறிய வேண்டும் என்பது விதி. நடுக்கோட்டுக்கு முன்னாலும் அப்படித்தான். அந்த இடத்தில் ஐந்து பேரும் பின்னால் போகலாம், பயமே வேண்டாம். மற்ற இடத்தில் அண்ணன் சொன்ன நடு சேஃப்டி மாதிரி ஒருவரை எட்டு யார்டில் நிறுத்துங்கள், பந்தைக் கைமாற்றி ஓடினால் அவர்தான் முதலில் வர வேண்டும்.

கொடி உருவும் பயிற்சியை மறக்க வேண்டாம். எங்களுக்குப் பெரும்பாலான புள்ளி போனது கொடியைத் தவற விட்டதால்தான். ஆள் தோளை ஆட்டுவான், தலையை ஆட்டுவான், காலைக்கூட ஏமாற்றுவான். இடுப்பு மட்டும் போகும் பக்கம்தான் போகும். கண்ணை இடுப்பில் வையுங்கள், கொஞ்சம் குனிந்து, சின்னச் சின்ன அடியாக வைத்து நெருங்குங்கள், பாயாதீர்கள். இரண்டு கோன் நடுவில் ஐந்து யார்டு விட்டு ஒருவர் ஓடி வர ஒருவர் உருவ வேண்டும், ஆளுக்கு இருபது தடவை. நாங்கள் செவ்வாய், வியாழன் இதை மட்டும்தான் செய்தோம்.

கடைசியாக, வாயைத் திறந்து பேசுங்கள். ரிசீவர் உங்கள் இடத்தை விட்டுப் பக்கத்து இடத்துக்குப் போகும்போது நாங்கள் "கை மாத்து" என்று கத்துவோம். பக்கத்தில் இருப்பவர் "வாங்கிட்டேன்" என்று திருப்பிக் கத்தினால்தான் அவரை விடுவோம். பதில் வரவில்லையா, கூடவே போ.

பானஸ்வாடி எழுதியது:

மேடம் சொன்ன நாலுக்கு மூன்று கணக்கு என் வாயை அடைத்துவிட்டது, ஃப்ளாக் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். காலேஜில் மட்டும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆறு பேரைக் கோட்டில் நிறுத்தி பிளிட்ஸ் மாதிரி காட்டிவிட்டு, ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து குவாட்டர்பேக் கைக்குப் போனதும், இரண்டு மூன்று பேர் பின்வாங்கி, எதிர்பாராத ஒரு லைன்பேக்கரோ சேஃப்டியோ வருவது. மொத்தம் வருவது நாலு பேர்தான், ஆனால் எந்த நாலு பேர் என்று தடுப்பவனுக்குத் தெரியாது. பின்னாலும் ஏழு பேர் இருக்கிறார்கள். இதைக் கலந்து கலந்து வைத்தால்தான் நல்ல குவாட்டர்பேக் தடுமாறுவான். ஒரே மூன்று-எட்டு என்று நின்றால் மூன்றாவது குவார்ட்டரில் படித்துவிடுவான்.

புல்மன் பழைய மாணவன் எழுதியது:

இதில் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன்.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

ஞாயிறு முடிந்தது. ஏழு விநாடி விதி எங்களுக்கு உண்டு. முதல் பாதியில் ரஷ் அனுப்பவே இல்லை. என் பக்கத்தில் நின்ற பையன் மூன்று தடவை என்னைப் பார்த்துக் கையை விரித்தான், போகட்டுமா என்று. இரு என்றேன். மஞ்சள் ஜெர்சி குவாட்டர்பேக் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், அம்பயர் ஐந்து, ஆறு என்று எண்ண ஆரம்பித்ததும் அவசரமாக நடுவில் எறிந்தார். அங்கே எங்கள் ஆள் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான், அடி எடுத்து வைக்கக்கூடத் தேவையில்லாமல் நெஞ்சில் வந்து விழுந்தது. அப்படி இரண்டு இன்டர்செப்ஷன். "கை மாத்து" நன்றாக வேலை செய்தது.

26-24 என்று தோற்றோம். கடைசி இரண்டு டச்டவுனும் பந்தைக் கைமாற்றி ஓடி வந்தவை. எட்டு யார்டில் நின்றது நான்தான். முதல் தடவை நேராகப் பாய்ந்தேன், கொடி கைக்கு வரவில்லை. இரண்டாவது தடவை இடுப்பைத்தான் பார்த்தேன், ஆனால் நான் நெருங்குவதற்குள் அவர் பக்கக் கோட்டைப் பிடித்துவிட்டார். அடுத்த வாரமும் அதே டீம். எட்டை ஆறாகக் குறைக்கலாமா?

இந்திராநகர் 12வது மெயின் எழுதியது:

குறைக்கலாம், ஆனால் முதல் டவுனில், அதாவது முதல் முயற்சியில் மட்டும். அப்புறம் நேராக ஓடாதீர்கள், அவருக்கு வெளிப்பக்கமாக ஓடி உள்ளே திருப்புங்கள். உள்ளே உங்கள் ஆட்கள் நாலு பேர் இருக்கிறார்கள், பக்கக் கோட்டில் ஒருவரும் இல்லை. வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் பயிற்சி இருக்கிறது, வேண்டுமானால் டீமோடு வாருங்கள். கோன் எங்களிடம் இருக்கிறது, கொடி பெல்ட் மட்டும் கொண்டு வாருங்கள்.